சீருடை அளவு கூடும்போது: பதின்ம வயதினரின் எடையும் வீட்டு உணவும்

மே மாதத்தின் கடைசி வாரத்தில் பெங்களூரின் பள்ளிச் சீருடைக் கடைகளில் நிற்க இடம் இருப்பதில்லை. சென்ற ஆண்டு வாங்கிய கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை என்பது பல வீடுகளில் அப்பொழுதுதான் தெரியவருகிறது. கடைக்காரர் உள்ளே திரும்பி, இரண்டு அளவு பெரியதாகக் கொண்டுவரச் சொல்கிறார். அந்நேரத்தில் பின்னால் நிற்கும் தாயோ தந்தையோ ஏதேனும் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறோம். “இப்படியே போனால் அடுத்த ஆண்டு என் அளவுதான் வாங்க வேண்டியிருக்கும்” என்பது போன்ற ஒரு சொல். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பிள்ளையும் சிரித்து வைக்கிறது.

அப்படி ஒரு சொல்லைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பதின்மூன்று வயதான என் மகள் அன்றிரவு தோசை வேண்டாம் என்றாள். மறுநாள் காலையிலும் பால் மட்டுமே போதும் என்றாள். ஒருவகையில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குச் சமையலறையில் விளக்குப் போடாமலே பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் ஓசை கேட்டது. எழுந்து போகவில்லை. அந்த ஓசைக்குக் காரணம் என்ன என்று அறிய முற்பட்டபோது நான் படித்தவையும், மருத்துவர்களிடமும் உணவியல் வல்லுநர்களிடமும் கேட்டுத் தெளிந்தவையுமே இக்கட்டுரை.

எடை உண்மையிலேயே கூடியிருக்கிறதா?

முதலில் எழ வேண்டிய வினா இதுவே. கண்ணால் பார்த்து விடை சொல்லக் கூடாது. எடையைக் கிலோகிராமில் எழுதி, அதனை மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.எம்.ஐ. என்பர். வயதுவந்த இந்தியர்களுக்கு இந்த எண் 23-ஐத் தாண்டினால் கவனம் தேவை என்று கொள்ளப்படுகிறது. வளரும் பிள்ளைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது தவறு. ஏழு வயதில் இயல்பான எண் வேறு, பதினைந்து வயதில் இயல்பான எண் வேறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது வேறுபடும்.

இதற்கென்றே இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-ஆம் ஆண்டு, 5 முதல் 18 வயது வரையிலான இந்தியச் சிறாருக்குரிய வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டது. அவற்றுள் பி.எம்.ஐ. வரைபடத்தில், பெரியவர்களின் 23-க்கும் 27-க்கும் இணையான இரண்டு கோடுகள் வயதுக்கேற்ப வளைந்து செல்கின்றன. முதற்கோட்டைத் தாண்டினால் மிகை எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடற்பருமன். குழந்தை மருத்துவரிடம் செல்லும்போது, “என் பிள்ளையின் புள்ளியை வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள்” என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு புள்ளி அதிகம் சொல்லாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்த நான்கைந்து புள்ளிகள், கோடு எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டிவிடும்.

பதின்ம வயதின் தொடக்கத்தில் உடல் சற்றுப் பூசினாற்போல் ஆவது பெரும்பாலும் இயற்கையின் ஏற்பாடே. பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 11, 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 13, 14 வயதிலும் மிக வேகமாக உயரம் பெறுகிறார்கள். அதற்கான சேமிப்பை உடல் முன்கூட்டியே செய்துகொள்கிறது. அப்பருவத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு கிலோ கூடுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

உயரம் இன்னும் வளரும் பிள்ளைக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. எடையைக் குறைக்காமலே அது மெலிய முடியும். 12 வயதுச் சிறுவன் ஒருவன் 150 சென்டிமீட்டர் உயரமும் 56 கிலோ எடையும் உள்ளவன் என்று கொள்வோம். அவனது குறியீட்டெண் ஏறக்குறைய 25. இரண்டு ஆண்டுகளில் அவன் 164 சென்டிமீட்டர் வளர்ந்து, எடை இரண்டே கிலோ கூடினால் அந்த எண் 21.6 ஆகிவிடும். இதனாலேயே பல மருத்துவர்கள் வளரும் பிள்ளைகளுக்கு எடைக் குறைப்பைப் பரிந்துரைப்பதில்லை; எடை ஏறும் வேகத்தைத் தணிப்பதையே பரிந்துரைக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு சற்று விரைவாகவே முடிந்துவிடுகிறது. முதல் மாதவிலக்குக்குப் பிறகு அவர்கள் பொதுவாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வரையே வளர்கிறார்கள். “பெரியவளானால் தானாகச் சரியாகிவிடும்” என்று காத்திருப்பதில் உள்ள சிக்கல் அதுதான்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியக் குழந்தைகள் மெலிந்து பிறந்தாலும் ஒப்பளவில் கொழுப்பு மிகுந்தே பிறக்கிறார்கள் என்பதைப் புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழுவினர் ஆய்ந்து காட்டினர். நம் அண்டை நகரமான மைசூரில், ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1997, 1998-ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஐந்து வயதிலேயே கொழுப்பு கூடுதலாக இருந்தது. ஒன்பதரை வயதில் இன்சுலின் எதிர்ப்பும் தென்பட்டது. எனவே அத்தகைய தாய்மார் அச்செய்தியைக் குழந்தை மருத்துவரிடம் தாமே முன்வந்து சொல்வது நல்லது. வீட்டில் அளந்து பார்க்க எளிய வழி ஒன்றும் உண்டு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. தையற்காரரின் அளவு நாடா போதும்.

2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி நாட்டின் 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். 5 விழுக்காட்டினரே மிகை எடையினர். இரு கூட்டத்தாரும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வகுப்பறையில் இருக்கிறார்கள். மெலிந்தவர்களும் உட்பட, பத்தில் ஒருவருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை காணப்பட்டது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

பெங்களூர்ப் பிள்ளையின் ஒரு நாள்

பிள்ளை என்ன உண்கிறது என்று கேட்பதற்கு முன் எப்பொழுது உண்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்து. சில்க் போர்டு சந்திப்பையோ ஹெப்பாள் மேம்பாலத்தையோ கடக்க வேண்டிய வழித்தடமாயின் இன்னும் முன்னதாக. அந்நேரத்தில் பசி எடுக்காது. பாதி இட்லியோடு பிள்ளை ஓடுகிறது. மதிய உணவு இடைவேளை இருபது, முப்பது நிமிடம். டப்பாவில் ஆறிப்போன எலுமிச்சைச் சாதம். நான்கரை மணிக்கு வீடு திரும்பியதும் வயிறு கூவுகிறது. ஐந்தரைக்குத் தனிப்பயிற்சி வகுப்பு. வகுப்புக்கு எதிரே ஓர் ஐயங்கார் பேக்கரி. பப்ஸ், காரா பன், தில்பசந்த், குளிர்பானம். எட்டு மணிக்குத் திரும்பி, ஒன்பதரைக்கு இரவுச் சாப்பாடு. நாள் முழுவதும் சேர்த்து வைத்த பசிக்கு அப்பொழுதுதான் முழுத்தட்டு கிடைக்கிறது. பிறகு பன்னிரண்டு வரை கைப்பேசியும் வீட்டுப்பாடமும்.

இந்தப் பிள்ளைக்கு நாவடக்கம் இல்லை என்று குறை சொல்வது எளிது. நாம் வகுத்துக் கொடுத்த கால அட்டவணைப்படி அது பசிக்கிறது என்பதே உண்மை. (ஐயங்கார் பேக்கரிகள் மீது எனக்கு எவ்விதப் பகையும் இல்லை. அந்தக் காரா பன் இல்லாத பெங்களூரை நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.)

இதில் தூக்கத்தின் பங்கை நாம் மிகக் குறைத்தே மதிப்பிடுகிறோம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரெபேக்கா குரியனும் உடன் ஆய்வாளர்களும் 6 முதல் 16 வயது வரையிலான 598 சிறாரை ஆய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். குறைவான உறக்கமும் கூடுதலான தொலைக்காட்சி நேரமும் மிகை எடையுடன் தொடர்புடையவை என்பது அதன் முக்கிய முடிவு. தொலைக்காட்சியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது அதற்குப் பின்னர்தான். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ வல்லுநர்கள் கூறுகின்றனர். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, வயிறு நிறைந்ததை உணர்த்தும் சுரப்பு குறைகிறது. இரவு பதினொரு மணிக்கு இனிப்பின் மேல் நாட்டம் செல்வதற்கு உடலில் காரணம் இருக்கிறது. இப்பருவத்தில் உறக்கம் வரும் நேரமே இயல்பாகப் பின்தள்ளிப் போகும் என்பதால், ‘சீக்கிரம் தூங்கு’ என்று அதட்டுவதால் பயனில்லை. பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜ் ஏறட்டும். ‘எல்லா’ என்பதில் நம்முடையவையும் அடங்கும்.

பட்டினி ஏன் உதவாது

என் மகள் தோசையைத் தவிர்த்ததும் பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல என்று எனக்கு விளக்கியவர் ஓர் உணவியல் வல்லுநர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1990-களின் இறுதியில் தொடங்கி, ஆயிரக்கணக்கான வளரிளம் பருவத்தினரைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. டயான் நியூமார்க்-ஸ்டெய்னர் தலைமை ஏற்றது. எடை குறைப்பதற்காக உணவைத் தவிர்த்தவர்களே சில ஆண்டுகளுக்குப் பின் கூடுதல் எடை பெற்றிருந்தனர். கட்டுக்கடங்காமல் உண்ணும் பழக்கமும் அவர்களிடம் மிகுதியாக இருந்தது. வீட்டில் எடையைக் குறித்துக் கேலி செய்யப்பட்டவர்களின் நிலையும் அவ்வாறே. இத்தகைய சான்றுகளைக் கொண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் மருத்துவர்களுக்கு வழங்கிய அறிவுரை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பிள்ளைகளை உணவுக் கட்டுப்பாட்டில் வைக்காதீர்கள். எடையைப் பற்றிப் பேசாதீர்கள். நல்ல உணவைப் பற்றியும் உடலியக்கத்தைப் பற்றியும் பேசுங்கள். கேலியை அனுமதிக்காதீர்கள். குடும்பத்தோடு சேர்ந்து உண்ணுங்கள்.

நான்காவது அறிவுரை நம் வீடுகளில் மிகக் கடினம். திருமண மண்டபத்தில் பார்த்த மறுகணமே “என்ன, நன்றாகச் சதை போட்டிருக்கிறாய்!” என்பதை அன்பின் அடையாளமாகவே நம் அத்தைமாரும் பெரியம்மாமாரும் கருதுகிறார்கள். அடுத்த நிமிடமே இலையில் இன்னொரு ஜிலேபியை வைப்பவர்களும் அவர்களே. ஊர் வாயை மூட முடியாது. ஆனால், “அவள் வளர்கிற பெண், அத்தை, அதைப் பற்றிப் பேச வேண்டாமே” என்று தாயோ தந்தையோ அங்கேயே, பிள்ளையின் காதுபடச் சொல்லிவிடலாம். அத்தைக்கு அரைமணி நேரம் வருத்தம் இருக்கும். பிள்ளைக்கு அச்சொல் பல ஆண்டுகள் துணை நிற்கும்.

இணையத்தில் உலவும் நீர் உணவுத் திட்டங்கள், பதினாறு மணி நேர நோன்பு, கோதுமையும் அரிசியும் அறவே நீக்கிய உணவு ஆகியவை வளரும் உடலுக்கு உரியவை அல்ல. 13 முதல் 15 வயதுச் சிறுமிக்கு நாள்தோறும் ஏறத்தாழ 2,400 கலோரியும், அதே வயதுச் சிறுவனுக்கு 2,860 கலோரியும் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்கு. அது நன்கு ஓடியாடும் பிள்ளைக்கான அளவு என்றாலும், வயதுவந்த பெண்ணொருத்தியின் தேவையைவிடப் பதின்ம வயதினரின் தேவை அதிகம் என்பதை அது காட்டுகிறது. எலும்பின் வலிமையில் பெரும்பகுதி சேர்வதும் இந்த ஆண்டுகளில்தான்.

சமையலறையில் செய்யத்தக்கவை

எல்லின் சாட்டர் என்னும் உணவியல் வல்லுநர் 1980-களில் ஒரு பொறுப்புப் பங்கீட்டை முன்வைத்தார். என்ன உணவு, எந்நேரத்தில், எவ்விடத்தில் என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு நூடுல்ஸ் செய்கிறோம். பிறகு “இன்னும் ஒரு கரண்டி” என்றோ “போதும், எழுந்திரு” என்றோ அளவை நாம் தீர்மானிக்கிறோம். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி மூலிகைகளைப் பற்றியதன்று, பசியறிந்து அளவோடு உண்பதைப் பற்றியது. அந்தப் பசியறியும் திறன் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே இருக்கிறது. வற்புறுத்தலும் தடையும் அதனைக் கெடுக்கின்றன.

‘என்ன உணவு’ என்பதற்கு நல்ல வழிகாட்டி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகள். (ஐதராபாத்தில் இயங்கும் அந்நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோயை ஆய்வதற்குத் தொடங்கிய ஒற்றை அறை ஆய்வகமே 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்றது.) 2,000 கலோரிக்கான மாதிரித் தட்டில் அவர்கள் வைப்பது: சமைக்காத நிலையில் தானியம் 250 கிராம், காய்களும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், பால் 300 மில்லிலிட்டர், எண்ணெய் 27 கிராம். இதில் நம்மைத் திடுக்கிட வைக்க வேண்டியது தானியத்துக்கும் காய்க்கும் உள்ள விகிதம். நம் தட்டில் சோறு மலைபோலும் பொரியல் ஊறுகாய்போலும் இருக்கின்றன.

எண்ணெயின் கணக்கை வீட்டிலேயே போடலாம். நால்வர் உள்ள குடும்பத்தில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், ஒருவருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 30 கிராம்; அதில் மட்டும் 270 கலோரி. வெளியில் உண்ணும் பஜ்ஜியும் பப்ஸும் இக்கணக்கில் சேரா. பிள்ளைக்கென்று தனியே எண்ணெயில்லாத சப்பாத்தி சுட்டுக் கொடுப்பது தண்டனை. மாத மளிகைப் பட்டியலில் நான்கு லிட்டரை மூன்றாக்குவது அனைவருக்கும் ஒரே நீதி. அதை யாரும் பேசவேண்டிய தேவைகூட இல்லை.

கன்னட நாட்டில் வாழும் நமக்குக் கிடைத்துள்ள பேறு, இம்மண்ணின் உணவு. நாட்டிலேயே மிகுதியாக ராகி விளையும் மாநிலம் கர்நாடகம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே எடையுள்ள பாலில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். ராகிக் களியை மறுக்கும் பிள்ளை, வெங்காயமும் கீரையும் சேர்த்துத் தட்டிய ராகி ரொட்டியை மறுப்பதில்லை. பாசிப்பருப்பை ஊறவைத்து வெள்ளரியும் தேங்காயும் கலந்த கோசம்பரியை மாலை நான்கரைப் பசிக்குத் தயாராக வைக்கலாம். குளிர்காலத்தில் அவரைக்காய் வந்துவிட்டால் வேறெதுவும் வேண்டாம். 1959 முதல் உழவர்களின் கூட்டுறவாக இயங்கிவரும் ஹாப்காம்ஸ் கடை பெரும்பாலான பகுதிகளில் நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. வாரம் ஒருமுறை பிள்ளையை அங்கே அனுப்பிப் பழத்தைத் தானே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். தான் வாங்கியதை உண்பதில் பதின்ம வயதினருக்கு ஒரு வீம்பு உண்டு.

மாலை நான்கரை மணி உணவைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஒரு நாளில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் அதை மாற்றுங்கள் என்பேன். வீடு திரும்பியவுடன் அடை, சுண்டல், முட்டை, தயிர் அவல் என்று புரதமுள்ள ஒரு சிறு சாப்பாடு கிடைத்தால், ஐந்தரை மணி பப்ஸும் ஒன்பதரை மணி மலைச்சோறும் தாமாகவே சுருங்கிவிடுகின்றன. பப்ஸும் ஒரு குவளைக் குளிர்பானமும் சேர்ந்தால் 350 கலோரிக்குக் குறையாது. அதே அளவு கலோரிக்கு இரண்டு அடையும் ஒரு டம்ளர் மோரும் தரலாம். அவை இரவு வரை பசியைத் தாங்கும். எங்கள் வீட்டில் மகளின் பிஸ்கட் டப்பா ஓசை நின்றது இதன் பிறகுதான்.

பானங்களில் கண்டிப்பு சற்று வேண்டும். மென்பானங்களில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10, 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லிலிட்டர் குடித்தாலே 25 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகக் கூறும் ஐந்து விழுக்காட்டு அளவு, 2,000 கலோரி உண்பவருக்கு நாள் முழுவதற்குமே 25 கிராம்தான். பாலில் கலக்கும் மாவுகளும் விதிவிலக்கல்ல. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு பிரிவே இல்லை என்பது காரணம். டப்பாவின் பின்புறம் சேர்பொருள்கள் எடை வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸ் பாகோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் அது மிட்டாய்தான். இதைப் பிள்ளையையே படிக்கச் செய்தால் நன்று. நிறுவனங்கள் தம்மை ஏமாற்ற முயல்வதைக் கண்டுபிடிப்பதில் அவ்வயதினருக்கு இயல்பாகவே ஆர்வம் அதிகம்.

பள்ளியும் துணை நிற்க வேண்டும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2020-இல் விதி வகுத்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதம் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. பெற்றோர் கூட்டத்தில் சிற்றுண்டிச் சாலையின் விலைப்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பற்றியே பேசும் கூட்டத்துக்கு ஒரு மாறுதலாகவும் இருக்கும்.

கணக்கு அறிக்கை சொல்லும் செய்தி

பத்து வயது நிறைந்த பிள்ளைகள் சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி இயக்குவதற்கு, வங்கிகள் வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு, ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் சுற்றறிக்கை வழி வகுக்கிறது. கைச்செலவுப் பணம் இன்று நாணயமாக அன்றிக் கைப்பேசி வழியாகவே போகிறது. கையில் பத்து ரூபாய் இருந்தபோது பத்து ரூபாயோடு நின்ற பசி, யு.பி.ஐ. குறியீட்டுப் பலகையின் முன் நிற்பதில்லை.

இதற்கு ஒரு நற்பயனும் உண்டு. மாத இறுதியில் கணக்கு அறிக்கையை அச்சிட்டு, உணவுக்கான செலவுகளை மட்டும் வண்ணப் பேனாவால் குறித்துப் பார்த்தால் அது ஓர் உணவு நாட்குறிப்பு. ஆனால் பிள்ளையின் அறிக்கையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விசாரணை நடத்தக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கணக்குகளும் மேசைக்கு வரட்டும். எங்கள் வீட்டில் அப்படிச் செய்தபோது மகளின் பேக்கரிச் செலவு ஆறு வரிகள். இரவு ஒன்பது மணிக்குமேல் உணவு வரவழைக்கும் செயலிகளுக்குச் சென்ற தொகை பதினோரு வரிகள். அவை அனைத்தும் என் கணக்கிலிருந்தும் என் மனைவியின் கணக்கிலிருந்தும் போனவை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.

அந்தப் பதினோரு வரிகளை நான்காகக் குறைத்து, மிச்சமான தொகையில் என்ன செய்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டோம். பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கினாள். 5 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. கப்பன் பூங்காவின் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்கள் இல்லை. லால்பாக்கின் பாறைக் குன்றில் ஏறி இறங்கினாலே வியர்க்கும். தசை வளர்க்கும் மாவு கேட்கும் மகன்களுக்கு ஒரு செய்தி: 16 முதல் 18 வயது இளைஞனின் புரதத் தேவை நாளுக்கு ஏறத்தாழ 55 கிராம். பருப்பும் பாலும் முட்டையும் உள்ள வீட்டில் அது டப்பா இல்லாமலே கிடைத்துவிடும்.

மருத்துவரிடம் எப்பொழுது?

எடை கூடிய பிள்ளை என்றால் உடனே தைராய்டு சோதனை செய்வது வழக்கமாகிவிட்டது. எளிய ஓர் அடையாளம் உண்டு. எடை கூடிய பிள்ளை வயதுக்கேற்ற உயரமோ அதைவிடக் கூடுதலோ பெற்றிருந்தால் சுரப்பிக் கோளாறு காரணமாக இருப்பது அரிது. எடை ஏற, உயரம் மட்டும் நின்றுவிட்டால் தாமதிக்கக் கூடாது. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட்டுப் போல் கருத்திருந்தால் அது அழுக்கன்று. இன்சுலின் எதிர்ப்பின் வெளித்தோற்றம். எத்தனையோ தாய்மார் அதைப் பீர்க்கை நார் கொண்டு தேய்த்துத் தோலைப் புண்ணாக்குகிறார்கள். இரவில் உரத்த குறட்டை, பகலில் வகுப்பில் உறக்கம், மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போதல், முகத்தில் ரோம வளர்ச்சி, ஓயாத தாகம் ஆகியவையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. அவர் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைச் சோதிக்கக்கூடும்.

மறுமுனையையும் கவனிக்க வேண்டும். சில மாதங்களில் எடை வேகமாகச் சரிதல், உண்டவுடன் குளியலறைக்குச் சென்று தாழிட்டுக்கொள்ளுதல், குடும்பத்தோடு உண்ண மறுத்தல், மயக்கம், மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டு “நன்றாக மெலிந்துவிட்டாள்” என்று மகிழக் கூடாது. உண்ணுதல் சார்ந்த மனநலக் கோளாறுகள் பதின்ம வயதில்தான் பெரும்பாலும் தொடங்குகின்றன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கைப்பேசியை விட்டு மீள முடியாத பிள்ளைகளுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவும் இயங்கிவருகிறது.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும் நாளில் பிள்ளையின் பழைய தடுப்பூசி அட்டையை உடன் எடுத்துச் செல்லுங்கள். பிறந்தபோது இருந்த எடை அதில் இருக்கும். பள்ளி உடல்நல அட்டையில் ஆண்டுதோறும் குறித்த உயரமும் எடையும் இருக்கும். எடைக்கருவியில் ஏறும்போது எண்ணை உரக்கப் படிக்க வேண்டாம் என்று செவிலியரிடம் முன்னரே சொல்லி வைக்கலாம். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு மருத்துவர் பத்து நிமிடம் தனியே பேச விரும்பினால், எழுந்து வெளியே சென்று காத்திருங்கள்.